மளிகைக் கடைக்கு எதற்கு வங்கி? கனடா நிறுவனங்களும் பார்படோஸ் வழியும்

கனடாவின் மிகப் பெரிய மளிகை நிறுவனமான லோப்லா, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பார்படோஸ் தீவில் ஒரு வங்கி வைத்திருந்தது. கிளென்ஹியூரன் வங்கி என்று பெயர். 1992-இல் அங்கே பதிவு செய்யப்பட்டு, 1993-இல் பார்படோஸ் மத்திய வங்கியின் உரிமம் பெற்றது. நாம் நினைக்கிற மாதிரியான வங்கி இல்லை அது. தெருவில் போகிறவர் உள்ளே போய்க் கணக்குத் திறக்கவோ வீட்டுக் கடன் கேட்கவோ அங்கே வழி கிடையாது. அதன் முதல் முழுக்க லோப்லா குழுமத்தின் பணம்.

ரொறன்ரோவின் கிழக்கே, 401 நெடுஞ்சாலைக்கும் லோரன்ஸ் சாலைக்கும் இடையில் கிடக்கும் டோர்செட் பார்க்கில் லோப்லா என்ற பெயரைச் சொன்னால் சிலர் யோசிப்பார்கள். நோ ஃபிரில்ஸ், சூப்பர் ஸ்டோர், ஷாப்பர்ஸ் என்றால் யோசிக்க வேண்டியதில்லை. மூன்றும் லோப்லாவின் கடைகள்தாம். வாரச் சாமானுக்கும் மருந்துக்கும் அங்கேதான் போகிறோம். அந்தக் கடைகளின் குழுமத்துப் பணம் எந்த வழியாகப் போய் வந்தது என்பது கனடாவின் உச்ச நீதிமன்றம் வரை சென்ற கேள்வி. 2021 டிசம்பர் 3-ஆம் தேதி ஏழு நீதிபதிகளும் ஒரே குரலில் லோப்லா பக்கம் தீர்ப்பளித்தார்கள். வழக்கில் அடங்கியிருந்த தொகை 36 கோடி டாலருக்கு மேல்.

இந்தத் தீர்ப்பைப் பலரும் பெருநிறுவனம் ஒன்றின் தந்திரக் கதையாகவே படித்தார்கள். எனக்கு அது சட்டத்தின் கதையாகப்படுகிறது. மளிகை, பேருந்து, யுரேனியம், வெள்ளி, எரிவாயு, டீ-சட்டை என்று தொழில் எதுவானாலும் பணம் ஒரே மாதிரி வழியைக் கண்டுபிடிக்கிறது என்றால், வழியைப் போட்டவர் யார் என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் அது நாடாளுமன்றம்தான்.

இடைவழி நிறுவனம் செய்யும் வேலை

பன்னாட்டு நிறுவனம் ஒன்று உண்மையில் பொருள் செய்வதும் விற்பதும் ஒரு நாட்டில். அதன் முதலாளிகள் இருப்பது இன்னொரு நாட்டில். இரண்டுக்கும் நடுவே மூன்றாவது நாடொன்றில் ஒரு துணை நிறுவனம் நிற்கும். அதற்குத் தொழிற்சாலை இருக்காது. வாடிக்கையாளரும் பெரும்பாலும் இருக்கமாட்டார்கள். கடன் கொடுக்கும், வட்டி வாங்கும், ஈவுத்தொகையை வாங்கி மேலே அனுப்பும், காப்புரிமைக்கு ராயல்டி வசூலிக்கும். ஏரியிலிருந்து வயலுக்கு நீர் கொண்டுபோகும் வாய்க்காலைப் போல அதன் வேலை கடத்திவிடுவது. வழியில் கசிவு, அதாவது வரி, குறைவாக இருக்க வேண்டும் என்பதே அதன் இருப்புக்குக் காரணம்.

கனடாவில் நெடுங்காலம் வழக்கிலிருந்த எளிய வடிவத்தை ஒரு கற்பனைக் கணக்கில் பார்க்கலாம். ரொறன்ரோவிலுள்ள தாய் நிறுவனம் ஒன்று வங்கியில் 10 கோடி டாலர் 5 சதவீத வட்டிக்கு வாங்குகிறது. ஆண்டு வட்டி 50 லட்சம். அந்த வட்டியைச் செலவாகக் காட்டினால் ஒன்ராறியோவின் பொது நிறுவன வரி விகிதமான 26.5 சதவீதத்தில் 13.25 லட்சம் டாலர் வரி மிச்சம். அதே 10 கோடியை 2.5 சதவீத வரியுள்ள ஒரு தீவில் தன் துணை நிறுவனத்தில் பங்கு முதலாகப் போடுகிறது. அந்தத் துணை நிறுவனம் அதை அமெரிக்காவிலுள்ள சகோதர நிறுவனத்துக்கு 7 சதவீத வட்டிக்குக் கடனாகக் கொடுக்கிறது. அமெரிக்க நிறுவனம் ஆண்டுக்கு 70 லட்சம் வட்டி கட்டி, அதையும் செலவாகக் காட்டி, 21 சதவீத மத்திய வரியில் 14.7 லட்சம் மிச்சம் பிடிக்கிறது. வட்டியை வாங்கிய தீவு நிறுவனம் கட்டும் வரி 1.75 லட்சம். எல்லை தாண்டும் வட்டியில் மூலத்திலேயே பிடிக்கும் வரியை இங்கே கணக்கில் சேர்க்கவில்லை.

வெளியார் வங்கிக்குக் குழுமம் உண்மையில் கட்டிய வட்டி 50 லட்சம். இரண்டு நாடுகளிலும் செலவாகக் காட்டியதோ 120 லட்சம். தீவில் சேர்ந்த லாபம் ஈவுத்தொகையாகக் கனடாவுக்குத் திரும்பும்போது இங்கே வரியில்லை. வரி ஒப்பந்தமுள்ள நாட்டில் நடந்த தொழிலின் லாபம் என்று சட்டமே அதற்கு விலக்கு அளிக்கிறது. ஒரே கடனுக்கு இரண்டு நாடுகளில் கழிவு கிடைப்பதால் வரி ஆலோசகர்கள் இதை இரட்டைக் கழிவு என்பார்கள்.

இந்த வழியின் அடித்தளம் 1980-இல் கனடாவும் பார்படோஸும் செய்துகொண்ட வரி ஒப்பந்தம். மூன்று லட்சம் பேர்கூட இல்லாத அந்தத் தீவு பல ஆண்டுகளாகக் கனடாவின் வெளிநாட்டு நேரடி முதலீட்டுப் பட்டியலில் முன்வரிசையில் இருந்ததற்குக் கரும்போ கடற்கரையோ காரணமில்லை. பன்னாட்டு வணிக நிறுவனங்களுக்கு அங்கே அப்போது 2.5 சதவீத வரி; லாபம் கூடக் கூட விகிதம் குறைந்து 1 சதவீதம் வரை இறங்கியது. வருமான வரியில் நாம் பழகிய படிக்கட்டு அங்கே தலைகீழாக நின்றது.

கிளென்ஹியூரனுக்குள்ளே

தீவில் பணத்தைப் போட்டு வட்டி சம்பாதித்துக்கொண்டே இருந்தால் கனடா சும்மா பார்த்துக்கொண்டிருக்குமா? இருக்காது. 1976 முதல் நடைமுறையிலுள்ள ஒரு விதி உண்டு. கனடியர் கட்டுப்பாட்டிலுள்ள வெளிநாட்டு நிறுவனம் வட்டி, வாடகை, முதலீட்டு லாபம் போன்ற உழைக்காத வருமானம் ஈட்டினால், அது இங்கே வந்து சேராவிட்டாலும் அந்தந்த ஆண்டே கனடியத் தாய் நிறுவனத்தின் வருமானமாகக் கணக்கிட்டு வரி போட வேண்டும்.

அதே விதியில் வங்கிகளுக்கு ஒரு விலக்கும் இருந்தது. வட்டி வாங்குவதுதான் வங்கியின் தொழில். அதை உழைக்காத வருமானம் என்று சொல்ல முடியாது என்ற நியாயம். விலக்குப் பெறச் சில நிபந்தனைகள். அந்நாட்டுச் சட்டப்படி ஒழுங்குபடுத்தப்பட்ட வங்கியாக இருக்க வேண்டும். ஐந்து முழுநேர ஊழியருக்கு மேல் வேண்டும். தொழிலை முக்கியமாகத் தன் குழுமத்தைச் சாராத வெளியாரோடு நடத்த வேண்டும். கிளென்ஹியூரனிடம் உரிமம் இருந்தது. ஊழியர் கணக்கும் சரியாக வந்தது. மிஞ்சியது மூன்றாவது நிபந்தனை மட்டுமே. வழக்கு முழுவதும் அதைச் சுற்றியே நடந்தது.

1992 முதல் 2000 வரை லோப்லா குழுமம் பெருந்தொகையை அந்த வங்கியில் முதலாகப் போட்டது. வங்கி அந்தப் பணத்தைக் குறுகிய காலக் கடன் பத்திரங்களில் போட்டது. நாணயப் பரிமாற்ற ஒப்பந்தங்களும் வட்டி விகித ஒப்பந்தங்களும் செய்தது. குழுமத்தின் பிற நிறுவனங்களுக்குக் கடன் கொடுத்தது. ரொட்டி விநியோகிக்கும் சுயதொழில் லாரிக்காரர்களின் கடன்களையும் வாங்கி வைத்தது. கனடா வருவாய் முகமை 2001 முதல் 2010 வரையிலான காலத்தில் சில ஆண்டுகளை எடுத்து மறுமதிப்பீடு செய்தது. முதல் போட்டது யார், யாருடைய சொல்படி அது முதலீடாகிறது என்று பாருங்கள், இந்த வங்கி தொழில் செய்வது தன் சொந்தக் குழுமத்தோடுதான் என்பது அரசின் வாதம்.

2018-இல் வரி நீதிமன்றம் அதை ஏற்றது. வங்கி என்றால் வெளியாரைத் தேடிப் போட்டியிட வேண்டும். இது குழுமத்தின் பணத்தைப் பராமரிக்கும் இடம் என்ற கோணம் அது. 2020-இல் கூட்டாட்சி மேன்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டிப் போட்டது. உச்ச நீதிமன்றமும் மேன்முறையீட்டுத் தீர்ப்பையே உறுதி செய்தது. நீதிபதி சூசான் கோட்டே எழுதிய தீர்ப்பின் தர்க்கம் எளிது. எந்த நிறுவனமானாலும் முதல் பங்குதாரரிடமிருந்துதான் வரும். முதல் வாங்குவது வேறு, அந்த முதலை வைத்துத் தொழில் செய்வது வேறு. தாய் நிறுவனம் மேற்பார்வை செய்வதும் தொழில் உறவாகாது. கிளென்ஹியூரன் பத்திரம் வாங்கியதும் ஒப்பந்தம் செய்ததும் பெரும்பாலும் வெளி நிறுவனங்களோடு. எனவே நிபந்தனை நிறைவேறியது. நாடாளுமன்றம் நிபந்தனைகளை இவ்வளவு துல்லியமாக எழுதியிருக்கும்போது, எழுதாததை நீதிமன்றம் சேர்க்க முடியாது.

வங்கியோ 2013-இலேயே கலைக்கப்பட்டுவிட்டது. அதே ஆண்டு லோப்லா ஷாப்பர்ஸ் டிரக் மார்ட்டை 1,240 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. 2014-ஆம் ஆண்டு மத்திய வரவு செலவுத் திட்டம் விதியை மாற்றியது. கனடாவில் ஒழுங்குபடுத்தப்பட்ட வங்கியோ நிதி நிறுவனமோ தாய் நிறுவனமாக இருந்தால்தான் இனி அந்த விலக்கு. மளிகைக் கடைக்காரர் தீவில் வங்கி வைத்து விலக்குக் கேட்கும் வழி அத்துடன் அடைபட்டது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது அதற்கு ஏழு ஆண்டுகள் கழித்து.

தொழில் பல, வழி ஒன்று

கியூபெக்கின் செந்த்-கிளேரில் நெடுந்தூரப் பேருந்து செய்யும் பிரேவோஸ்ட் நிறுவனத்தைச் சுவீடனின் வோல்வோவும் பிரிட்டனின் ஹென்லிஸும் வாங்கின. பங்கை நேரடியாக வைத்துக்கொள்ளாமல் நெதர்லாந்தில் ஒரு நிறுவனம் அமைத்து அதன் வழியாக வைத்திருந்தன. ஈவுத்தொகை நேரே சுவீடனுக்குப் போனால் மூலத்தில் 15 சதவீத வரி, பிரிட்டனுக்குப் போனால் 10 சதவீதம். நெதர்லாந்து வழியாகப் போனால் 5 அல்லது 6. அந்த டச்சு நிறுவனத்துக்கு அங்கே ஊழியர் யாரும் இல்லை. முகவரி, நிறுவனங்களைப் பராமரிப்பதையே தொழிலாகக் கொண்ட ஓர் அலுவலகத்தின் முகவரி. லாபத்தில் குறைந்தது 80 சதவீதத்தை மேலே அனுப்ப வேண்டும் என்று பங்குதாரர் ஒப்பந்தமே சொல்லியது. இருந்தும் 2008-இல் வரி நீதிமன்றமும் 2009-இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் டச்சு நிறுவனமே ஈவுத்தொகையின் உண்மையான பயனாளி என்றன. பணத்தை அனுப்பும் சட்டக் கட்டாயம் பங்குதாரர்களுக்கு இடையிலானது. டச்சு நிறுவனம் அந்த ஒப்பந்தத்தில் ஒரு தரப்பு இல்லை என்பது முக்கியக் காரணம்.

அடுத்தது வெல்க்ரோ, நம் பிள்ளைகளின் சப்பாத்தில் ஒட்டுகிற பட்டை. கனடா வெல்க்ரோ கட்டிய ராயல்டி நெதர்லாந்துக்குப் போனது. அங்கிருந்து அதில் சுமார் 90 சதவீதம் முப்பது நாளுக்குள் டச்சு அண்டிலீஸிலுள்ள குழும நிறுவனத்துக்குப் போனது. அண்டிலீஸுக்கு நேரே அனுப்பியிருந்தால் 25 சதவீத வரி; நெதர்லாந்து வழி என்பதால் ஒப்பந்த விகிதம். 2012-இல் வரி நீதிமன்றம் வெல்க்ரோ பக்கம் தீர்ப்பளித்தது. நெதர்லாந்து நிறுவனத்தின் கணக்கில் ராயல்டி மற்றப் பணத்தோடு கலந்திருந்தது, அதன் மீது அந்த நிறுவனத்துக்குச் சற்றாவது அதிகாரம் இருந்தது என்பது போதுமானதாயிற்று.

சஸ்காச்சுவானில் யுரேனியம் தோண்டும் கமெக்கோவின் வழி சற்று வேறு. அது சுவிட்சர்லாந்தின் ட்ஸூக் நகரிலிருந்து இயங்கும் துணை நிறுவனம் ஒன்றுக்கு 1999 வாக்கில் நீண்டகால ஒப்பந்தப்படி யுரேனியம் விற்க ஒத்துக்கொண்டது. அப்போது விலை பவுண்டுக்குச் சுமார் 10 அமெரிக்க டாலர். 2007-இல் அது 130 டாலரைத் தாண்டியது. ஏறிய விலையின் லாபம் ட்ஸூக்கில் தங்கியது. 2003, 2005, 2006 ஆண்டுகளுக்கான வழக்கில் 2018-இல் வரி நீதிமன்றமும் 2020-இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் கமெக்கோ பக்கம் நின்றன. 2021 பெப்ரவரியில் அரசின் மனுவை உச்ச நீதிமன்றம் விசாரணைக்கே எடுக்கவில்லை. ஒப்பந்தம் போட்ட நாளில் விலை ஏறுமென்று யாருக்கும் தெரியாது. அன்றைய சந்தை விலையில் போட்ட ஒப்பந்தம் போலியாகாது என்பது தீர்ப்பின் சாரம்.

வான்கூவரில் முன்பு சில்வர் வீட்டன் என்ற பெயரில் இயங்கிய நிறுவனம் சுரங்கம் தோண்டுவதில்லை; சுரங்கக்காரருக்கு முன்பணம் கொடுத்துவிட்டுப் பின்னாளில் வெள்ளியைக் குறைந்த விலைக்கு வாங்குகிறது. ஒப்பந்தங்களைச் செய்தது அதன் கேமன் தீவுத் துணை நிறுவனம். 2018 டிசம்பரில் வருவாய் முகமையோடு சமரசம் ஆனது. கேமன் நிறுவனத்தின் லாபத்துக்குக் கனடாவில் வரியில்லை. தாய் நிறுவனம் செய்து கொடுக்கும் சேவைக்குக் கூடுதல் கட்டணம் வாங்க வேண்டும் என்ற அளவில் முடிந்தது.

ஆல்பர்ட்டாவின் டுவர்னே எரிவாயுப் படுகையில் முதல் போட்ட அமெரிக்கர்கள் 2012-இல் லக்ஸம்பர்க்கில் ஆல்ட்டா எனர்ஜி நிறுவனத்தை அமைத்தார்கள். அடுத்த ஆண்டே தங்கள் கனடா நிறுவனத்தின் பங்குகளைச் சுமார் 68 கோடி டாலருக்குச் செவ்ரான் கனடாவுக்கு விற்றார்கள். லாபம் 38 கோடிக்கு மேல். லக்ஸம்பர்க் ஒப்பந்தப்படி அதற்குக் கனடாவில் வரியில்லை. 2021 நவம்பர் 26-இல் உச்ச நீதிமன்றத்தில் ஆறு நீதிபதிகள் சரி என்றார்கள், மூவர் மாறுபட்டார்கள். லோப்லா தீர்ப்புக்கு ஒரு வாரம் முந்தியது இது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவரும் அதே நீதிபதி கோட்டேதான்.

எல்லாமே நீதிமன்றம் ஏறியதில்லை. மொன்றியலின் கில்டன் நிறுவனம் ஹொண்டுராஸ் போன்ற நாடுகளில் டீ-சட்டை தைக்கிறது. விற்பனைத் தலைமை பார்படோஸில். ஊர்ச் சங்கத்து ஒன்றுகூடலுக்கும் பழைய மாணவர் விளையாட்டுப் போட்டிக்கும் நாம் அச்சடிக்கும் சட்டையின் கழுத்துப் பட்டியைத் திருப்பிப் பார்த்தால் பல வேளை அந்தப் பெயர் இருக்கும்.

டோர்செட் பார்க்கின் சின்னக் கொம்பனி

மார்ச், ஏப்ரல் மாதங்களில் டோர்செட் பார்க் பிளாசாக்களின் வரிக் கணக்கு அலுவலகங்களில் நடக்கும் பேச்சைச் சற்றுக் கேட்டால் மறுபக்கம் விளங்கும். லாரி ஓட்டுபவர், துப்புரவு ஒப்பந்தக்காரர், கேட்டரிங் நடத்துபவர் என்று பலர் கொம்பனி பதிந்து தொழில் செய்கிறார்கள். கனடியத் தனியார் சிறு நிறுவனத்துக்கு ஆண்டில் முதல் 5 லட்சம் டாலர் தொழில் லாபத்துக்கு ஒன்ராறியோவில் 12.2 சதவீதமே வரி. அது நல்ல சலுகைதான்.

அதே கொம்பனி மிச்சம் பிடித்த 10 லட்சம் டாலரை வங்கி வைப்பில் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 4 சதவீத வட்டியில் ஆண்டுக்கு 40,000 டாலர். அந்த வட்டிக்கு வரி 50.17 சதவீதம், அதாவது 20,068 டாலர். இதில் 30.67 சதவீதப் புள்ளி திரும்பக் கிடைக்கும். ஆனால் முதலாளிக்கு ஈவுத்தொகை கொடுத்தால்தான் கிடைக்கும். அந்த ஈவுத்தொகைக்கு அவர் தனியாக வரி கட்ட வேண்டும். வட்டி வருமானம் 50,000 டாலரைத் தாண்டினால் மேலும் ஓர் அடி. தாண்டிய ஒவ்வொரு டாலருக்கும் மத்திய அரசின் சிறுதொழில் வரம்பு 5 டாலர் குறையும். 1,50,000-ஐ எட்டினால் அந்த மத்திய அரசுச் சலுகை முற்றாகப் போய்விடும். 2017-இல் நிதி அமைச்சர் பில் மோர்னோ தொடங்கிவைத்த விவாதத்தின் விளைவாக 2019 முதல் வந்த விதி இது. சிறு கொம்பனிக்குள் பணத்தை முடக்கி வைத்து வரியைத் தள்ளிப்போடக் கூடாது என்பது அதன் நோக்கம்.

நோக்கம் நியாயமானதே. கேட்க வேண்டியது வேறு. கேட்டரிங் கொம்பனியின் வைப்புத்தொகை வட்டி ஈட்டினால் அது உழைக்காத வருமானம். மளிகைக் குழுமத்தின் பெருந்தொகை தீவில் வட்டி ஈட்டினால், உரிமமும் ஊழியரும் இருந்த காரணத்தால், அது தொழில் வருமானம். இரண்டு முடிவுகளும் ஒரே வருமான வரிச் சட்டத்திலிருந்து வந்தவை. முதலாமவர் ஏமாளியுமில்லை, இரண்டாமவர் திருடருமில்லை. பார்படோஸில் வங்கி நடத்துவதற்கான செலவும், உச்ச நீதிமன்றம் வரை போவதற்கான செலவும் ஒருவருக்குக் கட்டுபடியாகும், மற்றவருக்கு ஆகாது. சட்டம் யாருக்கும் கதவைச் சாத்தவில்லை. நுழைவுக் கட்டணம் மட்டும் பெரிது.

டோர்செட் பார்க்குக்கு இது ஏட்டுக் கேள்வியன்று. 2005-இல் ரொறன்ரோ மாநகரம் சேவைகள் போதாத 13 பகுதிகளை முன்னுரிமைக் குடியிருப்புகள் என்று அறிவித்தபோது டோர்செட் பார்க் அதில் ஒன்று. 2014-இல் பட்டியலை மாற்றியபோது அது இடம்பெறவில்லை. அருகிலிருந்த லோரன்ஸ் ஈஸ்ட், எல்ஸ்மியர் நிலையங்கள் 2023 ஜூலையில் ரயில் தடம் புரண்டதைத் தொடர்ந்து மூடப்பட்ட ஸ்காபரோ ரயில் பாதையோடு போயின. ஒரு மளிகைக் குழுமத்தின் வரி வந்திருந்தால் அந்த ரயில் ஓடியிருக்கும் என்று சொல்வது அபத்தம். பொதுப்பணம் எங்கே போகும் என்பது வேறு பல முடிவுகளைப் பொறுத்தது. ஆனால் எந்த அரசும் தன்னிடம் சேரும் வரியை வைத்துத்தான் அந்த முடிவுகளை எடுக்கிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. 2014-ஆம் ஆண்டில் நிறுவனங்களிடமிருந்து வரவேண்டி வராமல் போன வரி, தணிக்கைக்கு முன், 940 கோடி முதல் 1,140 கோடி டாலர் வரை என்று வருவாய் முகமை 2019-இல் மதிப்பிட்டது. கிளென்ஹியூரன் போன்ற அமைப்பு அந்தக் கணக்கில் வராது. நீதிமன்றம் சட்டப்படி சரி என்று சொன்ன பிறகு அது வராத வரி அல்ல, விதிக்கப்படாத வரி. சட்டத்தை மீறியதை அளக்கக் கருவி இருக்கிறது. சட்டமே விட்டுக்கொடுத்ததை அந்தக் கருவி அளப்பதில்லை.

உலக அளவில்

ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் கோடிக்கணக்கான நிறுவனங்களின் உடைமைத் தொடர்புகளை ஆராய்ந்து, பணம் தேங்கும் நாடுகளையும் கடந்துபோகும் நாடுகளையும் பிரித்துக் காட்டினார்கள். கடந்துபோகும் நாடுகள் ஐந்து: நெதர்லாந்து, பிரிட்டன், சுவிட்சர்லாந்து, சிங்கப்பூர், அயர்லாந்து. வரிப் புகலிடங்களுக்குப் போய்வரும் நிறுவன முதலீட்டில் 47 சதவீதம் இந்த ஐந்தின் வழியே.  நல்ல நீதிமன்றமும் நிறைய வரி ஒப்பந்தங்களும் திறமையான கணக்காளர்களும் உள்ள நாடுகள் இவை. இடைவழியாக இருக்க அந்தத் தகுதிகள்தான் தேவை.

2019-இல் பன்னாட்டு நாணய நிதியத்தின் இதழில் வந்த கணிப்பு, உலகின் நேரடி முதலீட்டில் ஏறத்தாழ 40 சதவீதம், சுமார் 15 லட்சம் கோடி டாலர், வெற்று நிறுவனங்கள் வழியே போகும் நிழல் முதலீடு என்றது. ஆறு லட்சம் மக்கள்தொகை கொண்ட லக்ஸம்பர்க்கில் மட்டும் 4 லட்சம் கோடி டாலர் முதலீடு.

இந்தியாவுக்கு இது புதிதல்ல. மொரிஷியஸ் ஒப்பந்தத்தை வைத்து வந்த முதலீட்டுக்கு 2003-இல் இந்திய உச்ச நீதிமன்றம் பச்சைக்கொடி காட்டியது. கேமன் தீவு நிறுவனம் ஒன்றின் பங்கை வாங்கி இந்தியக் கைப்பேசி நிறுவனத்தைக் கைப்பற்றிய வோடஃபோனுக்கு 2012-இல் வரியில்லை என்றது. அரசு அதே ஆண்டு முன்தேதியிட்டுச் சட்டத்தைத் திருத்தியது. 2020-இல் பன்னாட்டு நடுவர் மன்றத்தில் தோற்றது. 2021-இல் அந்த முன்தேதி வரியையே கைவிட்டது. மொரிஷியஸ் ஒப்பந்தத்தை 2016-இல் பேசித் திருத்தியதுதான் நிலைத்தது. முன்னோக்கிச் சட்டத்தை மாற்றிய இடத்தில் இந்தியா வென்றது; பின்னோக்கிப் பாய்ந்த இடத்தில் தோற்றது. கனடாவின் 2014 திருத்தமும் அந்தப் பாடத்தையே சொல்கிறது.

அடைத்த வழியும் திறந்த வழியும்

கனடா முயலவில்லை என்று சொல்ல முடியாது. 2007-இல் நிதி அமைச்சர் ஜிம் ஃபிளாஹர்ட்டி இரட்டைக் கழிவைத் தடுக்கும் விதியைக் கொண்டுவந்தார். அது சட்டமும் ஆனது. 2008 டிசம்பரில் பீட்டர் காட்சோ தலைமையிலான ஆலோசனைக் குழு அதைக் கைவிடச் சொன்னது. வெளிநாட்டில் போட்டியிடும் கனடிய நிறுவனங்களுக்கு அது பாதகம் என்பது குழுவின் வாதம். அமலுக்கு வருமுன்னே 2009-இல் விதி நீக்கப்பட்டது.

அந்த வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. இரட்டைக் கழிவில் பாதி இழப்பு அமெரிக்கக் கருவூலத்துக்கு. போட்டி நிறுவனங்கள் இதையே செய்யும்போது கனடிய நிறுவனம் மட்டும் செய்யாதிருந்தால் அதன் விலையும் வேலைவாய்ப்பும் அடிவாங்கலாம். நம் ஓய்வூதிய நிதிகளும் இந்த நிறுவனங்களின் பங்குகளை வைத்திருக்கின்றன. ஆனால் கிளென்ஹியூரனுக்கு இந்த வாதம் பொருந்தாது. கனடாவில் காய்கறி விற்கும் குழுமம் தன் உபரிப் பணத்தைத் தீவில் வைத்து வட்டி சம்பாதிப்பதால் எந்த ஏற்றுமதியும் கூடுவதில்லை.

2024 ஜூன் 20-இல் மூன்று மாற்றங்கள் ஒரே நாளில் சட்டமாயின. நிறுவனங்கள் கழிக்கக்கூடிய நிகர வட்டிக்கு வருமான அளவில் பொதுவாக 30 சதவீதம் என்ற வரம்பு வந்தது. வரி தவிர்ப்புக்கு எதிரான பொது விதி, நடவடிக்கைக்கு உண்மையான பொருளாதார உள்ளடக்கம் உண்டா என்று கேட்கும்படி வலுப்பெற்றது. மீறினால் வரிப் பயனில் 25 சதவீதம் தண்டம். ஆண்டு வருவாய் 75 கோடி யூரோவுக்கு மேலுள்ள குழுமங்களுக்கு எந்த நாட்டிலும் குறைந்தது 15 சதவீத வரி என்ற உலகக் குறைந்தபட்ச வரியும் வந்தது. அந்த அலையில் பார்படோஸும் தன் நிறுவன வரியை 2024-இல் 9 சதவீதமாக்கியது. ஆனால் 2025 ஜூனில் ஜி-7 நாடுகள் அமெரிக்கத் தாய் நிறுவனங்களை அந்தக் குறைந்தபட்ச வரியின் முக்கியப் பகுதிகளிலிருந்து விலக்க இணங்கின. ஒரு வழியை அடைத்த வேகத்தில் மறுவழி திறந்தது.

இத்தனைக்கும் நடுவே செலவில்லாத சீர்திருத்தம் ஒன்று காத்திருக்கிறது. பெரிய குழுமங்கள் எந்த நாட்டில் எவ்வளவு விற்றன, எத்தனை பேரை வேலைக்கு வைத்தன, எவ்வளவு வரி கட்டின என்ற நாடுவாரி அறிக்கையை 2016 முதல் கனடா வருவாய் முகமைக்குக் கொடுக்கின்றன. அதைப் பொதுமக்கள் பார்க்க முடியாது. ஐரோப்பிய ஒன்றியம் 2021-இல் பொது அறிக்கைக்கு ஆணை பிறப்பித்தது. ஆஸ்திரேலியா 2024-இல் சட்டம் செய்தது. கனடா இன்னும் செய்யவில்லை. அந்த அறிக்கை வெளியில் இருந்திருந்தால், மளிகைக் குழுமம் ஒன்று தீவில் எவ்வளவு சம்பாதித்து எவ்வளவு வரி கட்டுகிறது என்பது ஆண்டுதோறும் தெரிந்திருக்கும். விலக்கை அடைக்க இருபது ஆண்டு ஆகியிருக்காது.

ஒவ்வோர் ஆண்டும் வரவு செலவுத் திட்டத்துக்கு முன் நாடாளுமன்றத்தின் நிதிக் குழு பொதுமக்களிடம் எழுத்து மூலம் கருத்துக் கேட்கிறது. வணிகச் சங்கங்களும் பெரிய கணக்காய்வு நிறுவனங்களும் தவறாமல் எழுதுகின்றன. டோர்செட் பார்க்கில் கொம்பனி நடத்தும் தமிழரும் அவர்களின் கணக்காளர்களும் எழுதலாம். கேட்க வேண்டியது ஒன்றே: எங்கள் வட்டிக்கு எந்த அளவுகோலோ அதே அளவுகோல் பெரிய நிறுவனங்களுக்கும், நாடுவாரி அறிக்கை எல்லோர் கண்ணுக்கும். நீதிமன்றம் இதைச் செய்து தராது என்பதை 2021-இல் ஏழு நீதிபதிகள் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். செய்ய வேண்டியவர்கள் நாம் வாக்களித்து அனுப்பியவர்கள்.